சுருதி நிற்காத கிட்டார்

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் ஒரு கிட்டாரின் முதுகைத் திறந்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, ஆறு கம்பியையும் சுருதியில் நிற்க வைத்திருக்கிறேன். ஆசைக்காகச் செய்ததல்ல. பயத்தில் செய்தது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தேன். அக்காவைச் சேரன்மகாதேவியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் கப்பலில் இஞ்சினியர். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார், இரண்டு மாதம் வீட்டில். கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. மாமனார் மாமியார் காலமாகிவிட்டார்கள். அந்தப் பெரிய வீட்டில் அக்கா ஒருத்திதான். பக்கத்து வீட்டில் அத்தானின் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். இரண்டு வீட்டு அடுக்களை ஜன்னலும் எதிரெதிரே. அக்கா தும்மினால் அங்கே கேட்கும்.

பூசை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா என்று ஒரே வரி. அக்கா கார்டில் ஒரே வரி எழுதினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்துப் போனேன். போனதும் காப்பிகூடக் கொடுக்காமல் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலின் மேல் அத்தானின் கிட்டார் பெட்டி இருந்தது.

"ஒங்க அத்தான் தீவாளிக்கு வாராவ. இதச் சரி பண்ணித் தந்துருலே. சுருதி நின்னுட்டா எனக்கு ஒரு கேள்வி இல்ல" என்றாள்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அது மின்சாரக் கிட்டார், ரத்தச் சிவப்பு நிறம், அத்தான் சிங்கப்பூரில் வாங்கியது. கம்பிகள் வந்து முடிகிற இடத்தில் ஓர் இரும்புத் தகடும் அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு கைப்பிடியும் இருக்கும். வாசிக்கும்போது அந்தக் கைப்பிடியை அமுக்கினால் சத்தம் குழைந்து கீழே இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு ஏறும். அதற்கு ட்ரெமலோ என்று பெயர் சொல்வார். அத்தானுக்கு அந்தக் குழைவுதான் உயிர். ஊருக்கு வந்ததும் குளிக்கிறாரோ இல்லையோ, முதல் காரியம் கிட்டாரை எடுத்து அந்தக் கைப்பிடியை அமுக்குவதுதான். ஆனால் அமுக்கி விட்டால் கம்பி பழைய இடத்துக்கு வராது. ஒன்று அரைச் சுருதி இறங்கி நிற்கும், இன்னொன்று ஏறி நிற்கும். வருஷத்துக்கு வருஷம் அது மோசமாகிக்கொண்டே வந்தது.

வருஷத்துக்கு வருஷம் அத்தான் கேட்டது ஒரே கேள்வி. யார் தொட்டது? பூட்டிய அறையில், பூட்டிய பெட்டியில் இருந்த சாமான் எப்படிக் கெட்டுப் போகும்? தெருப் பிள்ளைகளை உள்ளே விட்டாயா? உன் தம்பி எடுத்தானா? யாரும் தொடவில்லை என்று அக்கா சொல்வாள். அப்படிச் சொல்லச் சொல்ல அவருக்கு ஏறும். கப்பல் இஞ்சினையே பிரித்து மாட்டுகிறவர், ஒரு தடவை அதன் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். குற்றம் சொல்ல ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது யார் போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போகிறார்கள்?

அத்தான் கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வந்தால் எல்லார் வீட்டுக்கும் சோப்பும் சென்ட்டும் கொடுப்பார், கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பார். கோபம் வராத வரைக்கும் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்த 'வரைக்கும்' தாண்டினால் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.

முந்தின வருஷம் அவர் வந்த அடுத்த ஞாயிறு நான் போயிருந்தபோது அக்காவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. படித்துறையில் வழுக்கிவிட்டது என்றாள். ஆற்றில் அப்போது தண்ணீர் நிறையத்தான் போனது, படியெல்லாம் பாசிதான். ஆனாலும் நான் நம்பவில்லை. நம்பாமலே, பார்த்து இறங்கக்கூடாதா என்று அவளையே கோபித்துக்கொண்டேன். கூடத்தில் அத்தான் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிவித்தேன். என் லட்சணம் அது.

ஆகவே கட்டில் மேல் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கிட்டார் தெரியவில்லை. அந்த மாவுக்கட்டுதான் தெரிந்தது. எனக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். நீ சயின்ஸ் லேப்பில்தானே இருக்கிறாய் என்றாள். டெஸ்ட் டியூப் கழுவுகிறவன் எல்லாம் விஞ்ஞானி என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை.

பெட்டிக்குள் ஆறு துளை உள்ள ஒரு சின்ன ஊதுகுழல் இருந்தது. ஒவ்வொரு துளையும் ஒரு கம்பியின் சுருதி. அக்கா கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் வீணை படித்தவள், காது உண்டு. அவள் ஊதினாள், நான் முறுக்கினேன். வீணையில் முறுக்குகிற ஆணியைப் பிரடை என்பார்கள், கம்பி ஏறி உட்காருகிற கட்டையைக் குதிரை என்பார்கள். நாங்களும் அதே பெயரையே வைத்துக்கொண்டோம். ஆறாவது கம்பியைச் சேர்த்தேன், சரி என்றாள். ஐந்தாவதைச் சேர்த்தேன், சரி என்றாள். நாலாவதுக்கு வந்தபோது ஆறாவது இறங்கிவிட்டது. அதை ஏற்றினால் ஐந்தாவது இறங்கியது. ஒரு மணி நேரம் செக்குமாடு மாதிரி சுற்றினேன். கடைசியில் பார்த்தால், தகடாக உடம்போடு படிந்திருந்த இரும்புக் குதிரை முன்பக்கம் தலை தூக்கி நின்றது. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்போல் இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஜன்னலிலிருந்து சித்தி, உள்ளே என்ன சத்தம், வீணை வாசிக்கிறாயா என்று கேட்டார். கரண்டில் மாட்டாத கிட்டாருக்கு அவ்வளவு சத்தம் கிடையாது, இருந்தும் கேட்டுவிட்டது. அக்கா போய், தம்பி ரேடியோவை ரிப்பேர் பார்க்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்து அறைக் கதவை மறுபடி சாத்திவிட்டு உட்கார்ந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எங்களுக்கு மடி நிறையக் கனம்.

முறுக்கியதையெல்லாம் தளர்த்தி, கிட்டாரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முதுகில் ஒரு பிளாஸ்டிக் மூடி, ஆறு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் உள்ளே ஒரு குழி. குழிக்குள் மூன்று ஸ்பிரிங்குகள் விறைப்பாக நின்றன. அப்போதுதான் விஷயம் கொஞ்சம் புரிந்தது. முன்பக்கம் ஆறு கம்பியும் குதிரையை ஒரு பக்கமாக இழுக்கின்றன. பின்பக்கம் மூன்று ஸ்பிரிங்கும் எதிர்ப்பக்கமாக இழுக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் குதிரை இரண்டே இரண்டு திருகாணிகளில் சாய்ந்து நிற்கிறது. ஒரு கம்பியை ஏற்றினால் குதிரை சாயும், சாய்ந்தால் மற்ற ஐந்தும் இறங்கும். ஏன் கலைகிறது என்று புரிந்தது. ஏன் திரும்பி வரவில்லை என்று புரியவில்லை. மூடியை மாட்டிவிட்டு நாலரை வண்டிக்குத் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி விட்டதும் டவுனுக்குப் போனேன். ரத வீதியில் ஆர்மோனியமும் மிருதங்கமும் விற்கிற ஒரு கடை உண்டு. மெல்லிசைக் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிக்கிற ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நண்பன் ஒருவனுடைய கிட்டார் என்று பொய் சொல்லிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னால ஸ்பிரிங்குக் குழி இருக்குல்லா, அதுல ஒரு கட்டையச் செருகிரும் வே. குதிரை அசையாது. நாங்கள்லாம் அப்படித்தான் செய்யுதோம்."

கைப்பிடியை அமுக்கி வாசிக்க வேண்டுமே என்றேன். அப்படியானால் சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, கழுத்து முடிகிற இடத்தில் கம்பிகள் உட்காருகிற வெள்ளைக் கட்டையின் வெட்டுகளில் பென்சில் முனையைத் தேய்க்கச் சொன்னார். கம்பி மாட்டிக்கொள்ளாமல் வழுக்கும், கொஞ்சம் கேட்கும் என்றார். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பஸ்ஸில் திரும்பும்போது, பேசாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

விடை லேப்பில் கிடைத்தது. வியாழக்கிழமை முதலாண்டு மாணவர்கள் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன், முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை சார் என்று வந்து நின்றான். மாதத்துக்கு இரண்டு தடவை கேட்கிற புகார் அது. தராசின் கோல் ஒரு கத்தி முனையில்தான் உட்கார்ந்து ஆடும். அந்த முனையில் தூசி இருந்தால் ஆடிவிட்டுச் சரியான இடத்துக்குத் திரும்பாது. பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே இருக்கும்போது உச்சந்தலையில் அடித்தமாதிரி இருந்தது. அடப்பாவி, பத்து வருஷமாக இந்த வேலையைத்தானே செய்கிறாய்!

அடுத்த ஞாயிறு மழை. லேப்பிலிருந்து ஒரு பிரஷ், ஒரு சின்ன புட்டி ஸ்பிரிட், தையல் மிஷின் எண்ணெய், பென்சில் எல்லாவற்றையும் சோற்றுப் பாத்திரப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கேட்காது என்று அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கோ வேறு கவலை. குதிரையைக் கழற்ற வேண்டும் என்றால் கம்பிகளை முழுக்கத் தளர்த்த வேண்டும். ஒரு வருஷத்துப் பழைய கம்பி, மறுபடி ஏற்றும்போது ஒன்று அறுந்தால் போச்சு. புதுக்கம்பி மாட்டினால் அதன் பளபளப்பே காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு பிரடையையும் கால் சுற்றுத் திருப்பிவிட்டு முருகா என்பேன்.

அக்கா ஒரு எவர்சில்வர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் கழற்றக் கழற்ற ஸ்க்ரூக்களையும் ஸ்பிரிங்குகளையும் வரிசை மாறாமல் அடுக்கினாள். நான் ஸ்பிரிங்கைக் குறட்டால் இழுத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை. குதிரையைத் தூக்கித் திருப்பினேன். இரண்டு திருகாணிகள் வந்து முட்டுகிற அதன் விளிம்பில், கத்தி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கட்டிதட்டிப்போய் இருந்தது. துரு என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. அக்கா அதை விரலில் எடுத்து முகர்ந்தாள்.

என்ன என்றேன்.

"சந்தனம்" என்றாள்.

வருஷா வருஷம் சரஸ்வதி பூசைக்கு, வீட்டில் உள்ள புத்தகங்களோடு அந்தக் கிட்டாரையும் அக்கா எடுத்து வைத்திருக்கிறாள். வாத்தியம் அல்லவா, வைக்காமல் விடலாமா? புருஷன் கடலில் இருக்கிறான், அவன் கை பட்ட வாத்தியம், அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டால் அவனுக்கும் சேர்த்துத்தானே. வெள்ளைக் கட்டையில் ஒரு பொட்டு, இரும்புத் தகட்டில் ஒரு பொட்டு, திருகாணிகளின் தலையில் ஒவ்வொன்று. சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமம். மறுநாள் விஜயதசமியன்று ஈரத்துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். துடைத்தபோது வெளியே இருந்தது போனது. கரைந்தது இடுக்கில் இறங்கிக் காய்ந்தது. ஏழு வருஷச் சந்தனம். இந்த வருஷத்துச் சந்தனத்துக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"அப்போ வருஷா வருஷம் நாந்தானாலே?" என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அவருக்கு நல்லபடியாக இருக்கட்டும் என்று கும்பிட்டதுதானே இப்படி வந்து விடிந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்கு அந்தக் கிட்டாரைத் தூக்கி ஆற்றில் வீசிவிடலாம்போல ஆத்திரம் வந்தது. யார் மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. வீசுகிற ஆளா நான்? பிரஷ்ஷை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

விளிம்பைத் துடைத்துத் துடைத்து இரும்பின் நிறம் வரும்வரை விடவில்லை. திருகாணிகளின் பள்ளத்தை ஊசியால் சுரண்டினேன். அங்கே ஒரு துளி மிஷின் எண்ணெய். வெள்ளைக் கட்டையின் ஆறு வெட்டுகளிலும் அடைத்திருந்த சந்தனத்தை எடுத்துவிட்டுப் பென்சிலைத் தேய்த்தேன். மறுபடி குதிரையை உட்கார வைத்து, ஸ்பிரிங்குகளை மாட்டி, கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். எல்லாக் கம்பியையும் சேர்த்து ஏற்ற வேண்டும், ஒன்றை மட்டும் முழுக்க ஏற்றக்கூடாது என்று அதற்குள் புத்தி வந்திருந்தது. குதிரை தலை தூக்கினால் பின்னால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்று முடுக்க வேண்டும், மறுபடி சுருதி பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆனது. கம்பி ஒன்றும் அறவில்லை.

அக்காதான் கைப்பிடியை அமுக்கினாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். சத்தம் குழைந்து இறங்கியது, விட்டாள், ஏறியது. ஊதுகுழலை ஊதிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். பத்துத் தடவை அமுக்கியிருப்பாள். "நிக்குதுலே" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு உடனே அடுத்த பயம் வந்துவிட்டது. தீபாவளி வரைக்கும் நிற்குமா? மழைக்காலம், மரம் ஈரத்தில் உப்புமே?

அந்த வாரம் சனிக்கிழமை போனபோது, செவ்வாயன்று லேசாக ஏறிப்போயிருந்தது, நானே பின்மூடியைக் கழற்றிச் சரி பண்ணிவிட்டேன் என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள். ஏன் தொட்டாய், ஸ்பிரிங் தெறித்துக் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆவது என்று கத்தினேன். பையத்தான் திருப்பினேன் என்றாள். தினமும் மத்தியானம் அறையைச் சாத்திக்கொண்டு சுருதி பார்க்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியாக ஒரு தடவை ஆறு கம்பியையும் ஊதுகுழலுக்கு இம்மி பிசகாமல் சேர்த்து, விரல் ரேகை தெரியாமல் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். வேலை சுத்தம் என்று எனக்கு ஒரு பெருமைகூட.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் வந்து இறங்கினார். மச்சினன் என்ற முறைக்குப் பழம், பலகாரத்தோடு நானும் போனேன். சித்தப்பாவும் சித்தியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தான் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். எனக்கு ஒரு கால்குலேட்டர் கொடுத்தார். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் எல்லோரும் பாயசத்தோடு உட்கார்ந்திருந்தபோது, கிட்டார் பெட்டியை எடுத்து வந்தார். ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டினார். அக்கா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நாலு சுரம் வாசித்தார். கைப்பிடியை அமுக்கினார். இறங்கியது, ஏறியது, நின்றது. மறுபடி அமுக்கினார். இந்தத் தடவை கம்பிகள் தொய்ந்து போகும் அளவுக்குப் பலமாக. விட்டார். நின்றது. அப்பாடா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சித்தப்பா தலையை ஆட்டினார். அத்தான் சிரித்தார்.

பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. பெட்டியிலிருந்து ஊதுகுழலை எடுத்து ஒவ்வொரு துளையாக ஊதி, ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். ஆறும் அச்சாக நின்றன. கிட்டாரைத் திருப்பிப் பின்மூடியைப் பார்த்தார்.

"ஒரு வருசமாப் பெட்டிக்குள்ள கெடந்த கிட்டாரு. சுருதி ஒரு இம்மி எறங்கல. யாரு தொட்டா?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. எந்த வாத்தியமும் ஒரு வருஷம் சும்மா இருந்தால் இறங்கும். அரைச் சுருதி இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இவ்வளவு படித்தவனுக்கு, சனியன் பிடித்தவனுக்கு, அது தோன்றவில்லை. கெட்டுப் போனதை மறைக்கத்தான் பயந்தேனே தவிர, சரியானதையும் மறைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவேயில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னடே, ஒனக்குத் தெரியுமா?"

தெரியும், நான்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. பாயசத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு முந்திரி மிதந்தது. அவர் கையைப் பார்த்தேன், பெரிய கை. அதற்குமேல் பார்க்கவில்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தாள்.

"நாந்தான் தொட்டேன். நாந்தான் சரி பண்ணுனேன்."

அத்தானுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நீயா என்றார். எங்கே, கழற்றிக் காட்டு பார்ப்போம் என்றார். சொன்ன விதத்தில் கேலி இருந்தது, கேலிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அக்கா கீழே உட்கார்ந்து கிட்டாரை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அவர் பெட்டியிலிருந்தே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆறு ஸ்க்ரூவையும் கழற்றினாள். மூடியைத் தூக்கி ஸ்பிரிங்குகளைக் காட்டினாள். இது இழுத்தால் அது சாயும், அது சாய்ந்தால் இது இறங்கும் என்று, சமையல் பக்குவம் சொல்கிறமாதிரி நிதானமாகச் சொன்னாள். பிறகு கிட்டாரை நிமிர்த்தி, குதிரை முட்டுகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்கனதான் சந்தனம் அடச்சிருந்துச்சு. வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு ஒங்க கிட்டார வச்சுப் பொட்டு வச்சுக் கும்புடுவேன். அதுதான் எறங்கிக் காஞ்சிருக்கு. நீங்க கேட்டப்பல்லாம் யாரும் தொடலன்னு சொன்னேன். சாமிக்கு வச்சது தொட்டதுல சேருமான்னு எனக்குத் தெரியல."

இதை அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

வாத்தியத்தைப் பூசைக்கு வைக்காமல் பின்னே எதை வைப்பது என்று சித்தப்பா கேட்டார். வைக்காமல் இருந்தால்தான் தப்பு என்றார் சித்தி. புருஷன் சாமானுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். பொம்பளையாக இருந்தும் இஞ்சினியருக்கே பாடம் நடத்திவிட்டாளே என்று சித்தப்பா அத்தானின் முதுகில் தட்டிச் சிரித்தார். அத்தானும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. சிரித்தார். தாடையில் ஒரு நரம்பு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. அக்கா ஆறு ஸ்க்ரூவையும் திரும்ப மாட்டினாள்.

நாலரை வண்டிக்குக் கிளம்பி வந்துவிட்டேன். சித்தப்பாவும் சித்தியும் எனக்கு முன்பே போய்விட்டார்கள். இனிமேல் அந்த வீட்டில் இரண்டே பேர் என்பது தெரிந்துதான் செருப்பை மாட்டினேன். அந்த வாரம் முழுக்கக் கல்லூரி போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. தீபாவளியன்றுகூட வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். விடுமுறை நாளில் லேப்பில் என்ன வேலை என்று வீட்டில் என்னோடு இருந்த அப்பாகூடக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். அத்தான் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா கதவைத் திறந்ததும் முதலில் அவள் கைகளைப் பார்த்தேன். அதைக் கவனித்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, திருப்பிக் காட்டினாள். ஒன்றும் இல்லை. இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். ரசம் ஊற்றும்போது குனிந்தபடியே சொன்னாள்:

"அன்னைக்கு நீ வாயத் தொறக்காம இருந்தியே, அதான் நல்லதாப் போச்சு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒன்னய வச்சு என்னய அடிச்சிருப்பாவ. ஒனக்கு எப்பவும் நெதானம் உண்டுலே."

ஏழு வருஷத்தில் அடி என்ற வார்த்தையை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். நான் நிதானத்தில் இருக்கவில்லை அக்கா, பயத்தில் இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவும் பயமாக இருந்தது. மோர் ஊற்றினாள், சாப்பிட்டேன். நாலரை வண்டிக்குக் கிளம்பினேன்.